பாடபேதம்: ஓர் இம்பாலாவின் சரித்திரம்

1

போன வருஷம் தை மாதம், ஒரு சனிக்கிழமை, வங்கியில் கணக்கு முடிக்கிற நேரத்தில், ஆம்பூர்த் தோல் முதலாளி ஒருவரின் பேரன் என் மேஜைக்கு வந்து உட்கார்ந்தார். அவருக்கு வேண்டியது பணம் அல்ல. நூறு வார்த்தை ஆங்கிலம். பாட்டனார் வைத்திருந்த 1961ஆம் வருஷத்து ஷெவர்லே இம்பாலாவை இரண்டு வருஷம் பாடுபட்டுப் புதுப்பித்திருக்கிறார். சென்னையில் ஒரு பழங்கார்க் கண்காட்சியில் அதை நிறுத்தப்போகிறார். வண்டியின் பக்கத்தில் வைக்க ஓர் அட்டை வேண்டும். நான் பி.ஏ. ஆங்கிலம் என்பதும் ஏதோ பத்திரிகைகளில் எழுதுகிறவன் என்பதும் அவருக்கு யார் மூலமோ தெரிந்திருக்கிறது. குறிப்புகளை ஒரு தாளில் எழுதியே கொண்டுவந்திருந்தார். நான்கு விஷயங்கள்: இது அமெரிக்க 'மஸில் கார்'. 'சூப்பர் ஸ்போர்ட்' வகையைச் சேர்ந்தது. சோழவரம் பந்தயங்களில் ஓடியது. தொழிற்சாலையிலிருந்து வந்த அசல் நிலைக்கு அப்படியே மீட்கப்பட்டது.

எங்கள் மேனேஜர் எட்டிப் பார்த்து, "நல்ல பார்ட்டி சார், எழுதிக் குடுத்துடுங்க" என்றார்.

எழுதிக் கொடுத்திருக்கலாம். விமர்சனம் எழுதுகிறவன் தன் வாழ்நாளில் எத்தனையோ பின்னட்டை வாசகங்களைச் சகித்துக்கொள்கிறான். ஆனால் அந்த வண்டியை எனக்குத் தெரியும். அதன் இருக்கைகளை 1978இல் தைத்தவர் என் அப்பா. ஒரு வாரம் அவகாசம் கேட்டு, வண்டியின் ஆர்.சி. புத்தகத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். இக்கட்டுரை அந்த அட்டையை எழுத உட்கார்ந்ததன் விளைவு.

2

முதலில் வண்டியின் பூர்வீகம். இம்பாலா 1958இல் ஷெவர்லேயின் பெல் ஏர் வரிசையில் உயர்ந்த வகையாக வந்து, அடுத்த வருஷமே தனி மாடல் ஆயிற்று. நம்மூரில் அது ஜமீன்தார்களுக்கும் சினிமா நட்சத்திரங்களுக்கும் உரியது என்ற பிரமை உண்டு. அமெரிக்காவில் அது தவணையில் வாங்குகிற குடும்ப வண்டி. 1965ஆம் ஆண்டு மாடல் மட்டும் பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. பத்து லட்சம் பேர் வைத்திருக்கும் ஒரு பொருள் கடல் தாண்டியதும் பத்துப் பேர் வைத்திருக்கும் பொருளாகிவிடுகிறது. அந்தஸ்து என்பது பொருளில் இல்லை, தூரத்தில் இருக்கிறது.

1961இன் நடுவில் இதற்கு 'சூப்பர் ஸ்போர்ட்' என்ற வகை சேர்ந்தது. அந்த வருஷம் செய்தவை 453 வண்டிகள். அவற்றிலும் 142இல்தான் 409 கன அங்குல எஞ்ஜின், அதாவது ஏறக்குறைய 6.7 லிட்டர், 360 குதிரைத்திறன். 'மஸில் கார்' சகாப்தம் 1964இல் வந்த பாண்டியாக் ஜி.டி.ஓ.வோடு தொடங்கியது என்பது பொதுவான வழக்கு. இந்த 142 வண்டிகளோடு தொடங்கியது என்று வாதிடுகிறவர்களும் உண்டு. அந்தச் சகாப்தம் நீண்டதல்ல. இன்ஷூரன்ஸ் கட்டணம், 1970இன் காற்றுத் தூய்மைச் சட்டம், 1973இன் எண்ணெய் நெருக்கடி மூன்றும் சேர்ந்து அதை முடித்துவைத்தன.

பந்தயப் பாரம்பரியம் என்பது இந்த மாடலுக்கு நிஜமாகவே உண்டு. 1961இல் கலிபோர்னியாவின் பொமோனாவில், கால் மைல் நேர் ஓட்டத்தில், டான் நிக்கல்ஸன் 409 எஞ்ஜின் வைத்த ஷெவர்லேயில் ஜெயித்தார். நாஸ்கார் பந்தயங்களில் 1960இல் ரெக்ஸ் ஒயிட்டும் 1961இல் நெட் ஜாரெட்டும் ஷெவர்லே ஓட்டி சாம்பியன் ஆனார்கள். அதே 1961 மே மாதம் டான் கர்னி ஓர் இம்பாலாவை இங்கிலாந்துக்குக் கப்பலேற்றி, ஸில்வர்ஸ்டனில் ஜாகுவார்களுக்கு முன்னால் ஓட்டிக்காட்டினார். ஜெயித்திருப்பார், சக்கரம் உடைந்துபோயிற்று. 1963 தொடக்கத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் நிர்வாகமே தன் பிரிவுகள் பந்தயத்தில் ஈடுபடக் கூடாது என்று தடை போட்டது. ஆக, இம்பாலாவின் பந்தய வாழ்வு என்பது கம்பெனியின் ஆசியோடு இரண்டு மூன்று வருஷம்தான்.

ஆம்பூர் வண்டி இந்தச் சரித்திரத்தில் எங்கே நிற்கிறது? எங்கும் இல்லை. அது நாலு கதவு வண்டி. அதில் வந்தது 283 கன அங்குல வி-8. மாடலின் கீர்த்தியை ஒரு தனி வண்டியின் கீர்த்தியாக எழுதுவது, கம்பன் பிறந்த தமிழில் எழுதுகிறேன், ஆகவே என் கவிதை நல்ல கவிதை என்று சொல்வதைப் போன்றது. பின்பக்கத்தில் இப்போது 'எஸ்.எஸ்.' என்று ஒரு முத்திரை மின்னுகிறது. அது போன வருஷம் தபாலில் வந்தது.

3

இந்தியாவில் ஜெனரல் மோட்டார்ஸ் 1928இலேயே பம்பாயில் ஷெவர்லே வண்டிகளைப் பூட்டி விற்கத் தொடங்கிற்று. சுதந்திரத்துக்குப் பின் வந்த கொள்கை, உள்ளூரில் உற்பத்தி செய், இல்லாவிட்டால் போ என்றது. 1954இல் போய்விட்டார்கள். ஆக, இம்பாலா பிறந்தபோது அதை இங்கே விற்கக் கடை கிடையாது. தூதரகக்காரர்கள் கொண்டுவந்தவை, இறக்குமதி லைசென்ஸ் கிடைத்தவர்கள் தருவித்தவை, பிறகு அரசு வாணிபக் கழகத்தின் வழியாகக் கைமாறியவை என்று வந்து சேர்ந்தவைதான். அந்த வருஷங்களில் நம் சாலைகளில் அம்பாஸடர், ஃபியட், சென்னைக்குப் பக்கத்தில் செய்த ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் என்று மூன்றே மூன்று முகங்கள்.

கடன் கொடுக்குமுன் ஆர்.சி. புத்தகத்தைப் படிப்பது என் தொழிலின் ஒரு பகுதி. இவ்வளவு வருஷத்தில் அதை ஒரு பிரதியாக நான் வாசித்தது இந்த ஒரு முறைதான். முதல் பக்கம், 1962, சென்னைப் பதிவு, அயல்நாட்டு அலுவலகம் ஒன்றின் பெயர். 1967இல் ஆம்பூர் முதலாளியின் பெயருக்கு மாற்றம். 1974இல் எஞ்ஜின் எண்ணை அடித்து வேறு எண். 'பெட்ரோல்' என்பதன் மேல் ஒரு சிவப்புக் கோடு. பக்கத்தில் 'டீசல்', ஒரு கையெழுத்து, ஒரு ரப்பர் ஸ்டாம்ப். 1978இல் நிறம் வெள்ளையிலிருந்து கரும்பச்சை. 1991க்குப் பிறகு வரி கட்டிய குறிப்பு இல்லை.

அந்தச் சிவப்புக் கோடு ஒரு சரித்திர நிகழ்ச்சி. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்த, அடுத்த சில மாதங்களில் உலகச் சந்தையில் விலை ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் கொடுத்த வண்டி, அப்பாவின் பாஷையில் சொன்னால், 'வூட்ல கட்டிப்போட்ட யானை' ஆகிவிட்டது. நாடெங்கும் அமெரிக்க வண்டிகளின் வி-8 எஞ்ஜின்களைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்ஜின் பூட்டினார்கள். இந்த வண்டியில் பூட்டியது பெர்கின்ஸ் பி-4. பெர்கின்ஸ் எஞ்ஜின்களைச் சென்னையில் செய்தது சிம்ப்ஸன் கம்பெனி. 1903இல் இந்தியாவின் முதல் நீராவிக் காரைச் செய்ததும் இதே சிம்ப்ஸன்தான். நாலு சிலிண்டர், மூன்று லிட்டருக்குச் சற்று அதிகம். திறன் பழைய எஞ்ஜினில் பாதிகூட இல்லை. லாரிக்கும் படகுக்கும் ஆகிற எஞ்ஜின். அதை இம்பாலாவின் வயிற்றில் பொருத்த எஞ்ஜின் மவுண்ட்டை வெட்டி ஒட்டவேண்டும், கியர் பாக்ஸை மாற்றவேண்டும், முன் ஸ்பிரிங்கைத் திருத்தவேண்டும். இதற்கெல்லாம் வரைபடம் எதுவும் கிடையாது. வேலூர் ஆற்காடு ரோட்டுப் பக்கத்தில் ஷெட் வைத்திருந்த ஒரு மெக்கானிக் சாக்பீஸால் தரையில் கோடு போட்டுச் செய்திருக்கிறார். அவர் பெயர் ஆர்.சி. புத்தகத்தில் இல்லை. அப்பாவுக்கு அவர் 'குரு'. அவ்வளவுதான்.

இருக்கைகளைப் பற்றியும் சொல்லவேண்டும். அமெரிக்காவிலிருந்து வந்தபோது அதில் தோல் கிடையாது. துணியும் வினைலும்தான், நாம் ரெக்ஸின் என்கிற ஜாதி. தோல் விற்று வாங்கிய வண்டியில் தோல் இல்லை என்பது முதலாளியை உறுத்தியிருக்கிறது. 1973இல் கச்சாத் தோல் ஏற்றுமதி தடையாகி, பாதி பதனிட்ட தோலுக்கும் கட்டுப்பாடு வந்தபின், ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்டு அனுப்பிய தொட்டிகளெல்லாம் முழுத் தோல் செய்யக் கற்றுக்கொண்ட காலம் அது. ஏற்றுமதியில் கழித்த மாட்டுத்தோலில் நல்லதாகப் பொறுக்கிக் கொடுத்தார். அப்பாவுக்கு அப்போது இருபது வயது. தேங்காய் நாரும் ஸ்பிரிங்கும் அடைத்து, பதினோரு நாளில் தைத்து முடித்தார். அவருடைய 'குஷன் ஒர்க்ஸ்' அந்தக் கூலியில் வாங்கிய பழைய தையல் மெஷினில் தொடங்கியது.

4

இனி சோழவரம். இந்தப் பெயரைச் சொன்னால் இன்றைக்கு ஏரி ஒன்றுதான் நினைவுக்கு வருகிறது. செங்குன்றத்துக்கு வடக்கே, இரண்டாம் உலக யுத்தத்தின்போது போட்ட விமான ஓடுபாதை அங்கே கிடந்தது. யுத்தம் முடிந்து விமானங்கள் போன பிறகு ஓடுபாதைகள் என்ன செய்யும்? இங்கிலாந்தில் ஸில்வர்ஸ்டன் இப்படித்தான் 1948இல் பந்தயக் களமாயிற்று. அமெரிக்காவில் செப்ரிங்கும் இப்படித்தான். 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் சோழவரத்தை எடுத்துக்கொண்டது. இந்து சந்தோக் போன்றவர்களின் முயற்சி. முப்பது வருஷத்துக்கு மேல், வருஷத் தொடக்கத்தில், அந்தக் கான்கிரீட்டின் மேல் மோட்டார் சைக்கிள்களும் கார்களும் பறந்தன. கோண்டல் அரச குடும்பத்தவர் ஓட்டியிருக்கிறார்கள். விஜய் மல்லையா என்ஸைன் ஃபார்முலா ஒன் வண்டியைக் கொண்டுவந்திருக்கிறார். கோயமுத்தூர் கரிவர்தன் மாருதி எஞ்ஜினைப் பின்னால் வைத்து ஒற்றை இருக்கைப் பந்தய வண்டிகளை நம் மண்ணிலேயே கட்டினார். 1995இல் விமான விபத்தில் இறந்துபோனார். 1990இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரமான பந்தயப் பாதை வந்ததும் சோழவரம் முடிந்துபோயிற்று. 2005இல் நாராயண் கார்த்திகேயன் ஃபார்முலா ஒன்றில் ஓட்டினார் என்பதைக் கொண்டாடிய பத்திரிகைகள் சோழவரத்தை நினைவுகூர்ந்தது குறைவு.

இந்த இம்பாலா சோழவரத்துக்குப் போனதா? போனது. 1979இல். அப்பா கூடப் போயிருக்கிறார். முதலாளியின் நண்பர் மகன் ஒருவன் ஒரு யெஸ்டி மோட்டார் சைக்கிளைப் பந்தயத்தில் விட்டான். அதைத் தயார் செய்தவர் மேற்படி மெக்கானிக். இம்பாலாவின் டிக்கியில் இரண்டு டயர், ஸ்பானர் பெட்டி, பெட்ரோல் டின், ஒரு டேக்ஸா சோறு. ஆம்பூரிலிருந்து ஏறத்தாழ இருநூறு கிலோமீட்டர், விடிய விடிய. "நம்ப வண்டி எங்க ஓடிச்சி, நிழலுக்கு நின்னுக்கினு இருந்துச்சி" என்கிறார் அப்பா. அவர்கள் விட்ட யெஸ்டி இரண்டாவது சுற்றிலேயே நின்றுவிட்டது. ஆனால் அப்பா இன்றும் பேசுவது ஒரு ஹெரால்டைப் பற்றி. மட்கார்டை வெட்டி எறிந்து, உள்ளே ஒரே இருக்கை வைத்து, இரும்புக் குழாயை வளைத்துக் கூண்டு கட்டிய ஹெரால்ட். அதைச் சுற்றி எண்ணெய்க் கையோடு நின்ற பையன்களைப் பற்றி. ஓட்டியவர்களின் பெயர் ஒலிபெருக்கியில் வந்தது. பையன்களின் பெயர் வரவில்லை.

சோழவரத்தின் நிஜமான சாதனை அங்கேதான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. ஜாகுவாரும் என்ஸைனும் பணம் இருந்தால் எங்கும் வரும். பந்தயத்துக்கென்று பிறக்காத ஒரு ஹெரால்டை, உதிரிப் பாகம் கிடைக்காத தேசத்தில், பந்தய வண்டியாக மாற்றுவதற்கு வேறொன்று வேண்டும். இம்பாலாவில் பெர்கின்ஸைப் பூட்டிய கையும் ஹெரால்டைப் பறக்கவிட்ட கையும் ஒரே ஜாதிக் கை. ஒன்று வேகத்தைக் கூட்டிற்று, மற்றது குறைத்தது. இரண்டும் பற்றாக்குறையோடு நடத்திய சம்பாஷணை.

5

1991க்குப் பிறகு வண்டி தோல் கிடங்கில் கிடந்தது. கச்சாத் தோல் அழுகாமலிருக்க உப்புப் போட்டு அடுக்குவார்கள். முப்பது வருஷம் அந்த உப்புக் காற்றில் நின்ற வண்டியின் தரைத்தகடும் சேஸிஸும் அப்பளமாகியிருந்தன. அதை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்திருக்கிறார்கள். பெர்கின்ஸைக் கழற்றி எடைக்குப் போட்டுவிட்டு, எங்கிருந்தோ 283 வி-8 ஒன்றைத் தேடிப் பிடித்தார்கள். தோல் இருக்கையை உரித்துவிட்டு, அமெரிக்காவில் இதற்கென்றே நெய்து விற்கிற துணியும் வினைலும் போட்டார்கள். கரும்பச்சை போய் வெள்ளை. வண்டி 1961க்குத் திரும்பிவிட்டது.

இதற்கு இப்போது சட்டத்தின் பக்கபலமும் உண்டு. 2021இல் மத்திய அரசு வெளியிட்ட விதி, ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட வண்டி, அசல் வடிவத்தில், சேஸிஸிலும் உடலிலும் எஞ்ஜினிலும் பெரிய மாற்றம் இல்லாமல் இருந்தால்தான் அதற்குப் பழம்பெரும் வண்டி என்ற தகுதி தருகிறது. நோக்கம் நல்லதே. ஆனால் அதன் உட்கிடை, ஒரு வண்டியின் சரித்திரம் தொழிற்சாலை வாசலோடு முடிந்துவிடுகிறது, அப்புறம் நடந்ததெல்லாம் அழுக்கு என்பது.

நமக்குப் பழக்கமான துறையிலிருந்து ஓர் ஒப்புமை. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, சிதைந்த ஏடுகளிலிருந்து ஒரு மூலத்தை மீட்டார். அந்த மீட்பும் புதுப்பித்தல்தான். ஆனால் அவர் மரபில் வந்த நல்ல பதிப்பாசிரியர்கள் பாடபேதங்களை எரித்துவிடவில்லை. இந்த ஏட்டில் இப்படி, அந்த ஏட்டில் அப்படி என்று காட்டினார்கள். ஏடு எழுதிய யாரோ ஒருவன், புரியாத ஒரு சொல்லுக்குப் பதில் தனக்குப் புரிந்த சொல்லைப் போட்டிருப்பான். அது பிழை. ஆனால் அந்தப் பிழை, அவன் காலத்தில் அந்தப் பாட்டு எப்படி வாசிக்கப்பட்டது என்பதற்கு ஒரே சாட்சி. பெர்கின்ஸ் ஒரு பாடபேதம். ஆம்பூர்த் தோல் ஒரு பாடபேதம். புதுப்பித்த வண்டியில் அடிக்குறிப்புக்கு இடம் இல்லை.

பாடபேதங்களை அழித்த இடத்தில் ஒன்று காலியாக இருக்காது. அங்கே கற்பனை வந்து உட்கார்ந்துகொள்ளும். நிஜமாக நடந்த 1974ஐத் துடைத்துவிட்டு, நடக்காத சோழவரத்தை எழுதுகிறார்கள். பேரன் வேண்டுமென்று பொய் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. பாட்டனார் சோழவரத்துக்கு வண்டியைக் கொண்டுபோனார் என்று வீட்டில் சொல்லிக் கேட்டிருப்பார். கொண்டுபோனதுக்கும் ஓட்டியதுக்கும் நடுவில் இருந்தவர்களை எடுத்துவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

6

ஒரு வாரம் கழித்து அட்டையைக் கொடுத்தேன். ஆர்.சி. புத்தகத்தின் வரிசையிலேயே எழுதியிருந்தேன். 1961, குடும்ப வண்டி. 1974, டீசல். 1978, ஆம்பூர்த் தோல். 1979, பார்வையாளராகச் சோழவரம். பேரன் படித்துவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். மரியாதையானவர். "மேஸ்திரிக்கு சலாம் சொன்னேன்னு சொல்லுங்க" என்று போய்விட்டார். கண்காட்சியில் இருந்தது வேறு அட்டை. ஆங்கிலம் என்னுடையதைவிட நன்றாகவே இருந்தது.

இதோடு முடித்திருந்தால் நான் நியாயவான் ஆகியிருப்பேன். ஆனால் அப்பா என் கட்சியில் இல்லை. வண்டியைப் பார்க்க அவரையும் கூட்டிப்போயிருந்தேன். வி-8ஐ ஸ்டார்ட் செய்தார்கள். அப்பா காதைச் சாய்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். வரும்போது சொன்னார்: "அந்த வண்டியக் கொன்னதே நாங்கதான்டா. பெர்கின்ஸ் போட்டப்புறம் குரு ரெண்டு நாள் சோறு துன்னல. இப்பதான் அதுக்கு உசுரு வந்துக்கீது." தன் இருக்கைகளைப் பற்றிக் கேட்டேன். "அது என்னா பெரிய வேலை. தையல் கோணலு. இது ஒரிஜினலு" என்றார். உரித்த தோலை ஒரு கோணிப்பையில் கட்டி எங்கள் கடைக்கே அனுப்பியிருந்தார்கள். நல்ல பாகமாக வெட்டி, தான் உட்காருகிற ஸ்டூலுக்குப் போட்டுக்கொண்டார்.

நான் பாடபேதம் என்று கொண்டாடுவதை, எழுதியவரே பிழை என்கிறார். இதற்கு என்னிடம் பதில் இல்லை. வேலை செய்தவனுக்குத் தன் வேலையின் குறை தெரியும். அதைச் சரித்திரம் என்று பரவசப்படுவது தூரத்தில் நிற்பவனின் சௌகரியம். ஒருவேளை என் தூரமும், இம்பாலாவை ராஜா வண்டி ஆக்கிய தூரமும் ஒன்றேதானோ என்னவோ. அப்படியிருந்தும் ஒன்று சொல்வேன். பிழை என்று தீர்ப்புச் சொல்ல அப்பாவுக்கு உரிமை உண்டு. நடக்கவே இல்லை என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

மீட்க முடிந்ததும் முடியாததும் பற்றி ஒரு வார்த்தை. வண்டியின் உப்பரித்த தகட்டை வெட்டி எறிந்தார்கள். அதே உப்பு பாலாற்றங்கரைக் கிணறுகளிலும் இறங்கியிருக்கிறது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம், மாசு செய்தவனே ஈடு கொடுக்கவேண்டும் என்ற கொள்கையை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது. பதனிடும் தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. 2025 ஜனவரியிலும் அதே நீதிமன்றம் அதே ஆற்றுக்காக நஷ்ட ஈட்டையும் சீரமைப்பையும் பற்றி மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது. ஒரு காரை 1961க்குக் கொண்டுபோக இரண்டு வருஷம் ஆயிற்று. 1961இன் பாலாற்றுக்குத் தபாலில் உதிரிப் பாகம் வராது. இந்தத் தொழில் கொடுத்த சோற்றில் வளர்ந்தவன் நான், என் சம்பளமும் அந்தக் கணக்குகளிலிருந்துதான் வருகிறது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கடைசியாக, இதழின் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். சோழவரத்தில் ஓட்டியவர்களின் பெயர்கள் எங்கேயாவது பதிவாகியிருக்கும். வண்டியைத் தயார் செய்தவர்களின் பெயர்கள் எனக்குக் கிடைக்கவில்லை. உங்கள் ஊரில், உங்கள் தெருவில், அந்த மெக்கானிக்குகள், லேத்துக்காரர்கள், வெல்டிங் பையன்கள் யாராவது உயிரோடிருந்தால், அவர்களுக்குச் சம்மதமானால், கேட்டு எழுதுங்கள். எந்த வண்டியில் என்ன மாற்றினார்கள், எது சரியாக வரவில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அடிக்குறிப்பாகவாவது அச்சில் வரட்டும். அப்பாவின் குருவுடைய பெயரை முதலில் சேர்க்கலாம் என்று கேட்டேன். அப்பா வெகுநேரம் யோசித்தார். "குருன்னுதான்டா கூப்புடுவோம்" என்றார்.